அடக்கம் செய்த இடம்

காற்றாலைக் கம்பெனி கேட்டது ஒரே கேள்வி:
இந்த நிலத்தில் கல்லறை ஏதும் உண்டா?

உண்டு என்றோம்
ஒன்பது பேரும் ஒரே மூச்சில்.
வாரிசுச் சான்றிதழ் வாங்கின நாளிலிருந்து
நாங்கள் ஒத்துப்போன ஒரே சொல் அது.

எங்கே, என்றார் சர்வேயர்.

செல்வின் அண்ணன் சார்ட் தாளை
ஜீப்பின் முன்மூடியில் விரித்தான்.
நாலு மூலைக்கும் நாலு கல்.
உச்சியில் மாசிலாமணி,
ஆறு குடும்பத்தோடு தேரிக்குக் குடிவந்தவர்.
சார்ட்டில் அவர் தனியாகவே
பிள்ளை பெற்றிருந்தார்.
கீழே கிளை கிளையாய் ஆண்கள்,
தூத்துக்குடி, துபாய், திருச்சி ரயில்வே.
பெண்பிள்ளைகளுக்குச் சின்னக் கோடு,
கோட்டு நுனியில் ஒன்றுமில்லை.
அப்படியொரு நுனியில் நின்றபடிதான்
நானும் எட்டிப் பார்த்தேன்.

சபைப் பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன்,
பாளையங்கோட்டையில், ஒரு இரும்பு பீரோவில்,
ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சம்.
பேதி வந்த வருஷம். ஆனி மாதம்.
ஒரே பக்கத்தில் பதினொரு பெயர்.
முதலில் மாசிலாமணி, வயது சுமார் நாற்பது.
நாலாவது சாராள், முன்பெயர் இசக்கி,
முதல் வரிக்காரர் மனைவி.
ஐந்தாவதுக்குப் பெயரில்லை,
ஞானஸ்நானத்துக்கு முந்திக்கொண்டதால்
'மேற்படியாள் மகன்'.
அந்தப் பக்கத்தில் இல்லாமல் போன
இன்னொரு மகனிலிருந்துதான்
நாங்கள் ஒன்பது பேரும்.

அடக்கம் செய்த இடம் என்ற கட்டத்தில்
உபதேசியார் எழுதியிருந்தார்:
மணல்.
அதற்குக் கீழே மேற்படி, மேற்படி,
பத்து மேற்படி.
பன்னிரண்டாம் வரி வேறு கையெழுத்து.
அதில் இருப்பது உபதேசியார்.

தேரியைப் பார்க்க வருகிறவர்கள்
குங்குமம் கொட்டினது மாதிரி என்பார்கள்.
படம் எடுத்துக்கொள்வார்கள்.
எங்களுக்கு அது நடக்கிற நிலம்.
ஆடியில் மேற்கே எழுந்து
ஐப்பசிக்குள் ஒரு கிணற்றை விழுங்கியிருக்கிறது.
ஒரு பனையைக் கழுத்துவரை மூடி,
ஏறாமலே நுங்கு வெட்ட
விட்டிருக்கிறது ஒரு வருஷம்.
ஆனியில் ஆட்கள் புதைத்தார்கள்.
ஆடியில் நிலம் புதைத்தது
இன்னொரு தடவை.

இங்கதான், என்றான் செல்வின் அண்ணன்,
அந்த வடலிக்குக் கிழக்கே.
கிழக்க இல்லடே, உடைமரத்துக்கு அங்கிட்டு,
என்றார் தர்மநேசன் மச்சான்.
கோயில் மணிக்கூண்டு நேராத் தெரியும்னு
எங்க அப்பா சொல்லுவாவ, என்றாள் பியூலா.
மணிக்கூண்டு இடிந்து நாற்பது வருஷம் ஆச்சு.
ஒருத்தன் போனில் வரைபடம் திறந்து
நீலப் புள்ளியைக் காட்டினான்,
அது நாங்கள் நிற்கும் இடம்.

சர்வேயர் சலிக்காத மனுஷர்.
கை நீண்ட இடத்திலெல்லாம்
சுண்ணாம்பு தடவிய கம்பு ஒன்று நட்டார்.
எட்டு கம்பு.
நீங்க காட்டுங்கம்மா.

நான் என் காலடியைக் காட்டினேன்.

விளையாடாதீங்க என்றார்.
விளையாடவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றேன்.
அங்கேயும் ஒன்று நட்டார்.

பாரத்தில் ஒரு கட்டம் பாக்கி:
இறந்தவர் உமக்கு என்ன உறவு?
செல்வின் அண்ணன் வாய் திறக்குமுன்
சாராள்னு எழுதுங்க என்றேன்,
முன்பெயர் இசக்கி.
உறவு?
பாட்டி, பூட்டி, ஓட்டி,
விரல் விட்டு எண்ணினேன்.
ஓட்டிக்கு மேலே
எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல் இல்லை.
மேற்படி என்று போடச் சொன்னேன்.
நிமிர்ந்து பார்த்தார். போட்டார்.

கம்பெனி
பக்கத்து சர்வே எண்ணுக்குப் போய்விட்டது.
காற்றாடி அங்கே சுற்றுகிறது.
வாடகையும் அங்கேதான்.
செல்வின் அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

ஆடி கழிந்து ஒரு நாள்
திசையன்விளையில் பஸ் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன்.
ஒன்பதில் மூன்று கம்பு மிச்சம்,
சுண்ணாம்பு உரிந்து.
அதில் என்னுடையது எது என்று தெரியவில்லை.