ஆறு எண்

பாலக்கோடு மண்டியில் என் வேலையே
எண்களைச் சத்தமாய்ச் சொல்வதுதான்.
பெட்டி இருநூற்றுப் பத்து, இருபது, இருபத்தஞ்சு...
அதனால்தானோ என்னவோ,
தக்காளி ஏலத்துக்கு நடுவே போனில் வந்தவன்
"தீர்த்தகிரி சார்தானே?" என்று மரியாதையாய்க் கேட்டு
மெசேஜில் வந்த ஆறு எண்ணைச் சொல்லச் சொன்னபோது
இந்த இரைச்சலில் கேட்காதென்று
இரண்டு தரம் கூவினேன்.

ஆடி போய் ஆவணியில் தெரிந்தது,
என் பெயரில் இன்னொருவன் இருக்கிறான்.
நான் பார்த்திராத ஊரில்
பைக் வாங்கியிருக்கிறான், ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறான்.
மூன்று வருடமாய் எனக்கு இல்லையென்ற கடனை
ஏழே நிமிடத்தில் அவனுக்குத் தந்திருக்கிறார்கள்.
தகப்பன் பெயர் மாதையன் என்று
பிழையில்லாமல் எழுதியிருக்கிறான்.
என் ரேஷன் கார்டில்கூட அது மாதய்யா.

பேங்கில் சொன்னார்கள்:
தீர்த்தகிரி நீங்கள்தான் என்று காட்டுங்கள்.
கட்டைவிரலை வைத்தேன்.
ஏலம் கூவ வருமுன்
பெட்டி இறக்கி இறக்கித் தேய்ந்த ரேகை.
துடைத்து வைத்தேன். சட்டையில் தேய்த்து வைத்தேன்.
சிவப்பு விளக்கு.
வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அப்போது பையில் போன் அடித்தது.
தவணை கேட்கிறவள்.
"தீர்த்தகிரிதானே பேசுறது?"

காலையிலிருந்து
என்னை நம்பிய முதல் ஆள்.