கைமாற்று

காலை ஏழுக்கு நுழைவேன்.
இடுப்பில் பை, காதில் பென்சில்.
குமாசியின் வடக்கே சுவாமே:
செத்த லாரிகள் வந்து சேருமிடம்.
செத்தவை என்று சொன்னால் இங்கே சிரிப்பார்கள்.

நாற்பத்தொரு கொட்டகை.
ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு முப்பத்தொரு கட்டம்.
மாதக் கடைசியில் முப்பது கட்டம் அவர்களுக்கு,
ஒன்று எனக்கு. சூசூ என்று பெயர்.
ரசீது கிடையாது. கேட்டவரும் கிடையாது.
ஓடிப்போக எனக்கும் கால் இருக்கிறது;
மறுநாள் வருவதும் அதே காலால்தான்.
பையில் இருப்பது தாள்.
நாணயம் வேறு, அது கொட்டகை கொட்டகையாக நடக்கிறது.

டுவும் கொட்டகையில் அந்த வாரம்
மரவள்ளி சீவும் இயந்திரம் ஒன்று
பிறந்துகொண்டிருந்தது.
மோட்டார் இத்ரிசுவுடையது. விற்றால் காசு, அதுவரை கடன்.
உருளை, அஃப்ரிஃபா கடைந்தது.
கதவுத் தகட்டில் ஆணியால் துளை போடலாம் என்று
முதலில் சொன்னது யார் என்பதில் இன்னும் தகராறு.
வாங்கப்போகிற செர்வா, எஜுராவிலிருந்து வந்து
இரண்டு மூட்டை கிழங்கை இறக்கிவிட்டுப் போனாள்:
"சீவிப் பாருங்கள். கெட்டால் என் கிழங்குதானே."
யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

வியாழன் இரவு, மின்சாரம் போய் வந்த நேரம்.
அச்சில் மரை வெட்ட
இத்ரிசுவின் டேப்பை வாங்கி வந்திருந்தான் டுவும்.
ஜெர்மன் எஃகு.
இத்ரிசு அதைத் துணியில் சுற்றித்
தலையணைக்கு அடியில் வைத்திருப்பவன்.
பாதித் திருகலில் ஒரு சின்னச் சத்தம்,
பல் முறிவதுபோல.

பார்த்தவர் இல்லை.
துணியில் சுற்றி வைத்துவிட்டிருக்கலாம்.
முன்பே விரிசல் என்றிருக்கலாம்.
அப்படிச் செய்த ஒருவனை எனக்குத் தெரியும்.
பெயர் சொல்ல மாட்டேன்.
அவன் அட்டை ஒன்பது கட்டத்தோடு என்னிடம் நிற்கிறது.
அவனோடு யாரும் சண்டைக்குப் போகவில்லை.
ஸ்பானர் கேட்டால்,
"இப்போதுதான் ஒருத்தர் வாங்கிப் போனார்" என்றார்கள்.
அவ்வளவுதான்.
ஒரு கொட்டகையை மூட அது போதும்.

வெள்ளி காலை நான் போனபோது
இரவெல்லாம் நோண்டி எடுத்த மறுபாதியையும் சேர்த்து
உள்ளங்கையில் ஏந்தி நின்றான் டுவும்.
இத்ரிசு திட்டினான். ஹவுசாவில் தொடங்கி
ட்விக்கு வந்து, மறுபடி ஹவுசாவுக்கே போனான்.
பிறகு முறிந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தான்.
"இது வெட்டவே இல்லை. வழுக்கியிருக்கிறது. எந்த அச்சு?"
"லாரி அச்சு."
"மேல்தோல் கல். பாறையில் போய் மரை வெட்டியிருக்கிறாய்."
பக்கத்திலிருந்து அஃப்ரிஃபா எழுந்து வந்தான்:
"அப்படியானால் என் உருளையும் அதில் நிற்காது.
வெல்டிங் ஓரம் விரிசல் விடும்.
கிழங்கோடு இரும்பையும் சீவிக் கொடுப்போம்."

அன்றே அச்சு மாறியது.
முறிந்த துண்டு சொன்னதை
முழு டேப் சொல்லியிருக்காது.

நெகிழ வேண்டாம்.
டேப்புக்கான காசை டுவும் கட்டினான்,
என்னிடமிருந்த பதினேழு கட்டத்தை முன்கூட்டியே வாங்கி.
இரண்டு வாரம் இத்ரிசு அவனுக்கு
ஒரு திருகாணிகூடத் தரவில்லை.
மூன்றாம் வாரம் தந்தான், எண்ணிப் பார்த்து.

இயந்திரம் எஜுரா போனது.
அடுத்த மாதம் அதே இயந்திரம் ஆறு கொட்டகைகளில்.
டுவும் முகத்தைச் சுளித்தான், இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் ஆறாவது கொட்டகைக்குப் போய்
அவர்கள் வைத்திருந்த மூடியை அளந்துகொண்டு வந்தான்.
அளவு நாடாவை அவர்களிடமே வாங்கித்தான் அளந்தான்.
நல்ல மூடி. விரல் உள்ளே போகாது.

நேற்று அந்த ஒன்பது கட்டக்காரன்
ஆள் அனுப்பிக் கேட்டான்:
பொமா, பத்தாவது கட்டம் போடுவாயா?

அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன்.
பென்சில் இன்னும் காதில்தான்.