பிரிவு 355

செப்டம்பர் பதினொன்றில் லேயர் நகரத்துக்கு அனுப்பினேன்:
வால்நட் மரச் சட்டம், வெள்ளை முகம்,
ரோமன் எண்கள், எண்பத்து நான்கு யூரோ.
ஒரு வாரத்தில் கடிதம் வந்தது.
‘கடிகாரத்தில் குறையொன்றும் இல்லை.
சத்தம்தான் அதிகம்.
நான் இரவுப்பணிச் செவிலி, பகலில் தூங்குகிறவள்.
திருப்பி அனுப்பிவிட்டேன்.
ஸில்க்கெ ஓலன்டோர்ஃப்.’

சத்தம் போடாத கடிகாரத்தை நான் நம்புவதில்லை.
அதை எழுதவில்லை.
பதினான்கு நாள் மனம் மாறலாம்; அவள் உரிமை.

பார்சல் ஹனோவர்வரை வந்தது.
‘பிரிப்பு மையத்தை அடைந்தது, இரவு 2.14’
என்றது திரை.
மறுநாளும் இரவு 2.14.
அடுத்த வாரமும்.
கடிகாரம் விற்கிற எனக்கு
நின்றுபோன நேரத்தை இலவசமாகக் காட்டினார்கள்.

என் விற்பனை நிபந்தனைகளில் ஏழாவது வரி:
திரும்பும் பொருள் வழியில் தொலைந்தால்
வாங்கியவரே பொறுப்பு.
யாரிடமிருந்தோ நகலெடுத்தது. ஒன்பது வருடமாக
அதை யாரும் சீண்டியதில்லை.
தடித்த எழுத்தாக்கி அவளுக்கு அனுப்பினேன்.

தொலைபேசியில் அழைத்தாள். கோபமில்லை.
பணி முடிந்த காலை;
சூடான தேநீரில் கற்கண்டு விரிசல் விடும் ஓசை
எனக்கே கேட்டது.
‘குடிமைச் சட்டம், பிரிவு முன்னூற்று ஐம்பத்தைந்து,
மூன்றாம் உட்பிரிவு’ என்று
மருந்தளவு வாசிப்பவளாக வாசித்தாள்:
திரும்பும் வழியில் நேரும் இடர்
விற்றவரைச் சாரும்.
‘லாட்டரிக் கடையில் பார்சல் கொடுத்த ரசீது இருக்கிறது.
வெப்பத்தாள், மங்கிவிடும். அதனால்
படமும் எடுத்து வைத்திருக்கிறேன், திரு. வென்ட்ஷே.’

மைத்துனன் வக்கீல். அவனிடம் போனேன்.
உணவுக்கு நடுவே கேட்டான்:
வாங்கியவள் கடை நடத்துகிறாளா?
இல்லை.
ஒழுங்காகக் கட்டினாளா?
கட்டியிருப்பாள், செவிலி.
‘அப்படியென்றால் கவுன்டரில் அவள் கை எடுத்த நொடியே
அது உன் தலையில்.
உன் ஏழாவது வரி செல்லாது.
உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு.’

எண்பத்து நான்கு.
போகும்போது வாங்கிய அஞ்சல் கட்டணம் நான்கு தொண்ணூறு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
என் ஜன்னலுக்குக் கீழே எல்பெ ஓடுகிறது.
எண்பத்தெட்டுத் தொண்ணூறு,
காசு குறையாமல் போட்டேன்.

பணம் வந்ததைச் சொல்ல அழைத்தாள்.
வைக்கப்போனவளிடம் கேட்டேன்:
‘பேட்டரியை எடுத்தீர்களா?’

நெடுநேரம் எதுவும் இல்லை.
பிறகு,
‘இல்லை. துவாலையில் சுற்றினேன். மூடியபின்னும் கேட்டது.
லாட்டரிக் கடைக்காரர் காதை வைத்துப் பார்த்து
உள்ளே யார் என்றார்.’

டிக் டிக்கென்னும் ஒரு பெட்டியை
இரவு 2.14க்கு, ஹனோவரில்,
முதலில் கேட்டவர் என்ன செய்திருப்பார்?
அந்த மௌனத்தில் இருவருமே
அங்கே போய் வந்தோம்.
கட்டிய விதத்தில் பிழையென்றால்
பொறுப்பு கை மாறுமா? அதுவும் சட்டத்தில்
ஒரு கேள்விதான்.
மைத்துனனிடம் கேட்கவில்லை.
‘பகலில் நன்றாகத் தூங்குங்கள்’ என்றேன்.

தொலைந்ததற்குப் பணம் கொடுத்தால்
தொலைந்தது முழுதும் நம்முடையதாகிறது.
இப்படியொரு சொத்து எனக்கு இருந்ததில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு.
கடையிலுள்ள முப்பத்தொரு கடிகாரங்களையும்
ஒவ்வொன்றாக ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருப்பினேன்.
முப்பத்திரண்டாவது, எங்கிருந்தாலும்,
கோடையிலேயே நின்றுகொண்டது.
குளிர்காலம் முழுக்க
யாருக்கோ ஒரு மணிநேரம் தவறாகச் சொல்லியிருக்கும்.

நேற்று மார்ச் கடைசி ஞாயிறு.
ஏணி போட்டு, கண்ணாடி துடைத்து,
முப்பத்தொன்றையும் முன்னுக்குத் தள்ளி முடிக்க
மதியமாகிவிட்டது.

நான் தொடாத அந்த ஒன்று
விடியும் முன்பே
சரியாகியிருந்தது.