புகார் எண் 318

முஹர்ரக்கில் நாங்கள் இருந்த அவுட்ஹவுஸை
வீட்டுக்காரர் விற்றுவிட்டார்.
கொடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரங்கூன் மல்லி.
மாலையில் வெள்ளையாய்த் திறந்து
மறுநாள் வெயிலில் ரோஜா நிறமாகி
அதற்கும் மறுநாள் சிவந்து தொங்கும்.
ஒரே கொத்தில் மூன்று கிழமை.

மே மாதக் கடைசி. எதையும் பிடுங்கி நடக்கூடாத மாதம்.
பெர்க்மான்ஸ் கம்பெனியிலிருந்து கடப்பாரை கொண்டுவந்தான்.
ஒரு முழத்துக்குக் கீழே
சுண்ணாம்பாய் வெளுத்த மண், உடைந்த சிப்பிகள்,
அதற்கும் கீழே
பக்கத்துவீட்டுச் சாக்கடைக் குழாயை
இறுகக் கட்டிக்கொண்டிருந்த வேர்.
"இத்தனை வருஷம் இதைத்தான் குடிச்சிருக்கு."
வெட்டினோம். வேறு வழியில்லை.
வெட்டிய இடம் வெள்ளரிக்காய் வாசம் அடித்தது.

பெயின்ட் வாளியில் நட்டு
ஹித்துக்குக் கொண்டுபோனோம், பிக்கப்பில்,
மெத்தைக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில்.
ஏர்போர்ட் ரோட்டுக் காற்று பாதி இலைகளை உருவியது.
மீதியை ஜூன் எடுத்துக்கொண்டது.

ஜூலையில் அது ஒரு குச்சி.
நகத்தால் சுரண்டினேன். பழுப்பு.
இன்னும் கீழே சுரண்டினேன். பழுப்பு.
அதற்கும் கீழே சுரண்ட மனம் வரவில்லை.
மூன்றாம் மாடியிலிருந்து மண்வாளியை இறக்க
லிஃப்ட் ஓடுகிற ஒரு நாள் வேண்டியிருந்தது.
அதுவரை
துணி காயும் ஸ்டாண்ட் சாயாமலிருக்க
அதன் காலுக்கு முட்டுக்கொடுத்து வைத்தேன்.
குச்சியில் கிளிப்புகளை மாட்டினேன்.
நீலம் நான்கு, மஞ்சள் இரண்டு.

மேல்வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
நான்காம் மாடி எகிப்துக்கார வாத்தியாரின் ஏ.சி.
இரவும் பகலும் எங்கள் பால்கனியில் ஒழுகியது.
காய்ந்த துணி மறுபடி நனைந்தது.
என் அரபி
கடைக்கும் டாக்சிக்கும் ஆகும்,
சண்டைக்குப் போதாது.
"மோயா, மோயா" என்று மேலே கை காட்டினேன்.
"இன்ஷா அல்லா" என்றார்.
மறுநாள் ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழ பிஸ்கட் வந்தது.
ஒழுகல் நிற்கவில்லை.
தின்றுவிட்டு மெயின்டனன்ஸுக்கு எழுதிப்போட்டேன்.
புகார் எண் முந்நூற்றுப் பதினெட்டு.
நினைவூட்டல் ஒன்று. நினைவூட்டல் இரண்டு.
பிறகு நாற்பது நாள் லீவில் ஊருக்குப் போய்விட்டோம்.

திரும்பிவந்த அன்றே துவைத்தேன்.
மஞ்சள் கிளிப்பை எடுக்கக் கை நீட்டினால்
கிளிப் வரவில்லை.
ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.
செம்பு நிறம், நூல் தடிப்பு,
குச்சியிலிருந்துகூட இல்லை,
நான் சுரண்டாமல் விட்ட இடத்துக்கும் கீழேயிருந்து
மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்து
கிளிப்பின் ஸ்பிரிங்கில் நுழைந்து வெளியேறி
இரண்டு இலை விட்டிருந்தது.

பெர்க்மான்ஸ் குனிந்து பார்த்தான்.
"யார் தண்ணி ஊத்தினா?"
சாவி எங்களிடம்தான் இருந்தது.
டக்.
அவன் பிடரியில் விழுந்தது.
இருவரும் மேலே பார்த்தோம்.

"நம்மள மாதிரித்தான் இதுவும்" என்று ஆரம்பித்தான்.
"இல்ல" என்றேன்.
"நம்மகிட்ட ரிட்டர்ன் டிக்கெட் இருந்துச்சு."

புகாருக்கு ஆள் வந்தது அந்தத் திங்கட்கிழமை.
ஷொஃபிகுல், சில்ஹெட்காரன்,
தோளில் சுருட்டிய ஹோஸ்.
லேட்டுக்கு இந்தியில் மன்னிப்புக் கேட்டபடி
ஏணியை விரித்தான்.
வேண்டாம் என்றேன்,
எந்த மொழியில் சொன்னேனோ.
வாளியைக் காட்டினேன்.
வாளியைப் பார்த்தான், ஒழுகும் குழாயைப் பார்த்தான்,
கையிலிருந்த தாளைப் பார்த்தான்.
சரிசெய்தால்தான் அவனுக்கு அன்றைய நாள் முடியும்.

பிறகு ஹோஸில் ஒரு துண்டு வெட்டி
குழாயின் வாயில் மாட்டி
துணிகளுக்கு விலக்கி
நேராக வாளிக்குள் இறக்கி
என் நீலக் கிளிப் ஒன்றால் நிறுத்தினான்.
'வேலை முடிந்தது' கட்டத்தில் கையெழுத்திட்டேன்.

கதவருகே நின்று சொன்னான்:
டிசம்பரில் ஏ.சி. ஓடாதே, மேடம்.

தெரியும்.
வாத்தியாரின் தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
வெறுந்தட்டாக எப்படிக் கொடுப்பது என்று
ஒவ்வொரு வாரமும் கழுவி வைக்கிறேன்.

மஞ்சள் கிளிப்பை அதற்கே விட்டுவிட்டேன்.
ஒரு துணி மட்டும் கிளிப் இல்லாமல் காய்கிறது,
பெரும்பாலும் பெர்க்மான்ஸின் பனியன்.
நேற்று அது இரண்டாம் மாடியில் கிடந்தது.