தவணைத் தேதி

ஜெனரேட்டர் இந்த வருடமும் இரண்டு முறை நின்றது.
மைக் பாதிப் பெயரை விழுங்கிவிட
துணைவேந்தர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.
துணிப்பந்தல் காற்றுக்கு எழும்பி எழும்பி அமர்ந்தது.
முதலாமாண்டுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக.
அன்று அவர்களுக்குப் பத்து வயது, பதினொன்று.
எதற்குத் தலைகுனிகிறோம் என்று தெரியும்.
யாருக்கு என்றால் திருதிருவென விழிப்பார்கள்.

நான் போகவில்லை.
நூலகத்தை யாராவது திறந்து வைக்க வேண்டுமே என்று
எட்டு வருடமாக அதே பொய்.
இந்த ஒரு நாளில் எவரும் புத்தகம் எடுக்க வருவதில்லை.
ஜன்னலுக்கு வெளியே பெயர்கள் போய்க்கொண்டிருக்கும்,
நான் அலமாரியில் தூசு தட்டுவேன்,
சுவரில் பூசி மறைத்த ஏழு துளைகள் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு.

பத்தரைக்கு ஒருவர் வந்தார்.
கிடுயியிலிருந்து இரவு பஸ்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை,
அதற்குள் செய்தித்தாள்,
அதற்குள் மண் இயக்கவியல், மூன்றாம் பதிப்பு.
"இது இங்கத்தியது" என்றார்.

கடைசித் தாளைத் திருப்பினேன்.
தவணை மார்ச் பதினேழு.
பதிவு எண் என் கையெழுத்தில்.

முவிகாலி.
மூன்று புத்தகம்தான் என்றால்
நாலாவதை இடுப்பில் அணைத்துக்கொண்டு நிற்பாள்.
படிக்கும் அறையில் நோட்டுக்கு அடியில் மண்டாசி தின்பாள்,
நான் பார்த்தால் வாயை அசைக்காமல் மெல்லுவாள்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை.
கறை பட்ட இடத்தில் காகிதம் கண்ணாடியாகி
மறுபக்கத்து வரி தலைகீழாகத் தெரிந்தது.
தாமதத்துக்கு அவளைத் திட்ட வேண்டுமென்று
அந்த ஏப்ரலில் நான் காத்திருந்தேன்.

"நான் மணல் லாரி ஓட்டுகிறவன்.
மணலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது அப்பா,
லீவில் வந்து படித்துக் காட்டுகிறேன் என்று வைத்துவிட்டுப் போனாள்.
இருக்கைக்கு அடியிலேயே இருந்தது."
பிறகு, "எவ்வளவு?" என்றார்.

கணினிக்கு யார் இருக்கிறார், யார் இல்லை தெரியாது.
நாளுக்கு ஐந்து ஷில்லிங்.
பதினாலாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து என்று பச்சையாகக் காட்டியது.
ஒன்றுமில்லை, ரத்துசெய்துவிடலாம் என்றேன்.
அவர் ரப்பர் பேண்டைக் கழற்றினார்.
"அவள் கடன் வைக்கிறவள் இல்லை."

குனிந்து எண்ணுகையில்தான்
என் கழுத்து அட்டையைப் பார்த்தார்.
எழுத்துக் கூட்டினார்.
என் கை தானாக முக்காட்டின் நுனிக்குப் போனது.
அன்று விடுதி வராந்தாவில் கதவு கதவாகக் கத்திய மொழி
என் வீட்டில் குழந்தையைத் தூங்கவைக்கும் மொழி.
எட்டு வருடமாக இந்த அட்டையைத் துணிக்குள் விட்டுக்கொள்கிறேன்,
இன்று மறந்திருந்தேன்.

ஹா. லி. மோ.

"நீங்கள்தானா அந்த ஹாலிமோ?" என்றார்.
"நாலாவது புத்தகம் தராதவர்?"

சிரித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.
என்ன சத்தம் அது என்று எனக்கே நிச்சயமில்லை.
அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றார்,
நான் முகம் துடைத்து முடிக்கும் வரை.

வெளியே ஜெனரேட்டர் மூன்றாம் முறையாக நின்றது.
மைக் இல்லாமல் துணைவேந்தரின் குரல்
கொசுவின் குரலாகிவிட்டது.
எந்தப் பெயரில் இருக்கிறார் என்று கேட்கவில்லை.
இருவருமே காதைத் தீட்டினோம்.

பிறகு அவர் புத்தகத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தார்.
"இன்னும் இரண்டு வாரம் நீட்ட முடியுமா?"

கடன் பெற்றவர் நேரில் வர வேண்டும்,
விதி பதினொன்று, நானே தட்டச்சு செய்து ஒட்டியது.
முத்திரையின் தேதிச் சக்கரத்தைத் திருப்பினேன்.
மை காய்ந்திருந்தது.
ஊதி, எச்சில் தொட்டு, அழுத்திக் குத்தினேன்,
மார்ச் பதினேழுக்குக் கீழே.

ரசீது வேண்டும் என்றார்.
யார் பெயருக்கு?
கேட்டிருக்கக் கூடாது.
பேனாவை வாங்கி அவரே எழுதினார்,
மெதுவாக, கட்டத்தை விட்டு வெளியே போய்.

சனிக்கிழமை வரை
மேசையில் கொஞ்சம் மணல் கிடந்தது.