கொல்லங்கோடு தேறவில்லை

இரவு பதினொன்றே கால்.
வெட்டூர்ணிமடத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு மேல்மாடி.
எண்ணெய் வாடை படியேறி வந்து
விசைப்பலகையில் உட்கார்ந்திருக்கிறது.
மேசையில் மூன்று கணினிகள்:
ஆபீஸ் விண்டோஸ்,
ஷைஜன் கழித்துப்போட்ட பெட்டியில் லினக்ஸ்,
மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பம் செய்யும் பெல்சியா
காலை எட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று
தலையணை உறைக்குள் வைத்துக் கொடுத்த பழைய மேக்.

வேலை சின்னது.
ஊர் ஊராக மழைமானிக் கணக்கை வாங்கி
ஒரே பொதியாகக் கட்ட வேண்டும்.
வேறொரு கணினியில் அவிழ்த்தால்
கட்டியது கட்டியபடி இருக்க வேண்டும்.
நாற்பது வரி நிரல்.
அதை நம்பாமல் நான் எழுதிய சோதனைகள்
நூற்றுத் தொண்ணூறு வரி.

முதலில் விழுந்தது சாய்கோடு.
விண்டோஸ் தன் பக்கம் சாய்த்து எழுதிய பாதை
லினக்ஸுக்குப் பாதையாகவே தெரியவில்லை.
மழைக்குள் ஐப்பசி, ஐப்பசிக்குள் தோவாளை என்று
அறைக்குள் அறையாக நான் வைத்ததை
ஒரே நீளப் பெயராக வாசித்து
வாசலிலேயே போட்டுவிட்டது.
"வீடு கேட்டா வெலாசத்த எழுதி நீட்டுது பாரு" என்றான் ஷைஜன்.

அடுத்தது, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் ஒரு மழை,
சின்ன எழுத்தில் தொடங்கும் ஒரு மழை.
லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது.
விண்டோஸில் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்தது.
இடவப்பாதி ஒன்று, ஐப்பசி ஒன்று,
எங்களுக்கு இரண்டு மழை என்று
அதற்கு யார் சொல்வது?

பன்னிரண்டரைக்கு மேக் சிவந்தது.

குளச்சல் தேறியது. தக்கலை தேறியது.
குழித்துறை, மயிலாடி, திருவட்டாறு, பேச்சிப்பாறை தேறின.
தோவாளை இல்லை.
கொட்டாரம், பொன்மனை, கோதையாறு இல்லை.
நாகர்கோவில் இல்லை.
எதிர்பார்த்தது: கொல்லங்கோடு.
கிடைத்தது: கொல்லங்கோடு.
தேறவில்லை.

கடலோரமா என்று பார்த்தேன்; குளச்சலும் கடலோரம்தான்.
மலையா என்றால் பேச்சிப்பாறை இருக்கிறது.
ஷைஜன் இரண்டு பெயரையும் மாறி மாறிச் சத்தமாக வாசித்தான்.
கீழே ஷட்டர் இறக்கும் சத்தம்.
"லேய், ரெண்டும் ஒண்ணுதாம்லே!"
எண்ணிப் பார் என்றேன்.
ஒன்று பதினொன்று. மற்றது பதின்மூன்று.

கொ என்று ஒரே குறியாக நான் எழுதியதை
மேக் கொம்பு வேறு, கால் வேறாகப் பிரித்து
இடையில் ஒன்றும் நடக்காததுபோல்
சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது.
ஒகரமும் ஓகாரமும் உள்ள ஊர்களாகப் பார்த்து
ஒவ்வொன்றாகத் தொலைந்திருக்கின்றன.
மேக்கைத் திட்டவும் முடியவில்லை.
பேனா பிடித்தால் என் கையும்
கொம்பு, ககரம், கால் என்றுதானே போகிறது.

ஒப்பிடும் முன் இருபக்கமும் பிரிந்ததைச் சேர்.
ஒரு வரி.
ஆறு ஊரும் திரும்பி வந்தன.

மீதி இருந்தது ஒரு நொடி.
கோதையாற்றுக் கோப்பு ஐந்து ஏழு முப்பத்துமூன்றுக்கு எழுதியது;
அவிழ்த்தபோது முப்பத்திரண்டு.
இது எந்தக் கணினியின் குற்றமும் இல்லை.
இந்தப் பொதிக்கு
ஒற்றைப்படை நொடிகள் தெரியாது.
இரண்டு நொடி வரை பொறுத்துக்கொள் என்று சோதனையில் எழுதி
ஏன் என்பதையும் மேலே குறித்துவைத்தேன்,
நாளை வருகிறவன் திருத்திவிடாமல் இருக்க.

மாற்றக் குறிப்பில்
மூன்று கடல் கூடுமிடம் என்று ஆரம்பித்தேன்.
ஷைஜன் எட்டி அழித்துவிட்டு
"ஊர்ப்பெயர்ப் பிழை சரி" என்று தட்டினான்.

ஆறரை மணி பஸ்ஸில் மேக் என் மடியில்.
தக்கலை தாண்டும்போதுதான் உறைத்தது:
தற்காலிக அடைவைத் துடைக்கவில்லை.
சரி, என்ன இப்போ என்று கண்மூடினேன்.

பத்து மணிக்கு பெல்சியா போன்.
"என் மெஷின்ல கொல்லங்கோட்டுல
தொண்ணூத்தொம்பது மில்லிமீட்டர் மழ பெஞ்சிருக்கு.
அங்க நாளைக்கு எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு,
உள்ளதச் சொல்லு."