இரவல் இல்லை

லோரோங் கூலிட் ஞாயிற்றுச் சந்தையில்
துருவேறிய முறுக்கு உழக்குக்கும்
கழுத்து ஒடிந்த மேசை விசிறிக்கும் நடுவே
உறையில்லாமல் கிடந்தது.
மூன்று வெள்ளி என்றான். இரண்டுக்குக் கேட்டேன்.
மழை தூறியதால் கொடுத்துவிட்டான்.

ஏழங்குலத் தட்டு. ஆரஞ்சு லேபிள்.
கேள்விப்படாத கம்பெனி, கேள்விப்படாத பெண்.
அவள் பெயருக்கு மேலே நீல மையில்
குண்டு குண்டாகத் தமிழ்:
தி. கோவேந்தன். 1971. இரவல் இல்லை.

வியாழன் இரவுகளில் நாங்கள் நான்கு பேர்
ஜெலுத்தோங்கில், பைப்புக் கடைக்கு மேல்மாடியில்.
கடைக்காரர் தெய்க் ஹின்,
ஆம்புலன்ஸ் ஓட்டும் ரோஹாயா,
பியானோ சுருதி சேர்க்கும் ஒலிவேரோ,
நான்.
சோல் கேட்கப் போகிறேன் என்றால் என் தங்கை
செருப்பு வாங்கவா என்பாள்.
ஆன்ம இசை என்று சொல்லிப் பார்த்தேன்,
எந்த மடத்தில் என்றாள்.

ஆளுக்கு ஒரு தட்டு, அதுதான் சட்டம்.
யாரிடமும் இருக்கக் கூடாது,
இருந்தால் கோப்பிக் காசு உங்களுடையது.

நான்கு வியாழன் வேறு வேறு தட்டுகளாய்க் கொண்டுபோனேன்.
ஆரஞ்சு லேபிள் என் துணி அலமாரியில்
சேலைகளுக்கு அடியில் இருந்தது.
வீட்டில் யாருமில்லாதபோது மட்டும் போட்டேன்.
இன்னொரு காது பட்டால் தேய்ந்துவிடும்
என்பதுபோல.

ஐந்தாம் வியாழன்
பத்தொன்பது வருடம் தேடிய தட்டோடு ரோஹாயா வந்தாள்.
ஒருமுறை ஓடியது. யாரும் பேசவில்லை.
அதை அப்படியே உறையில் போட்டு
ஒலிவேரோ மடியில் வைத்தாள்:
"வார்டுக்குப் போய்வந்து தூங்கமாட்டீர்கள்.
இது இருக்கட்டும், அவர் வீடு திரும்பும்வரை."

அன்று பஸ்ஸில் எனக்கு
யாரையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் கொண்டுபோனேன்.
ஆர்கன் முதலில், ஈரத் துணி பிழிவதுபோல்.
கைதட்டல், கொஞ்சம் பிந்தி.
பிறகு அவள்.
கெஞ்சவில்லை. கணக்குக் கேட்கிறாள்.
இரண்டாம் சரணத்துக்கு முன் ஒரு மூச்சு இழுக்கிறாள்,
அந்த மூச்சில்
பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள்.
தெய்க் ஹின் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார்.

என்ன எழுதியிருக்கிறது, என்றார் ஒலிவேரோ
லேபிளைக் கண்ணருகே பிடித்து.
அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
"பார்த்துத் துடைக்கவும்."
அவர் தலையாட்டி, மூக்குக்கண்ணாடித் துணியை எடுத்தார்.

கோவேந்தன், மன்னியுங்கள்.
ஆனாலும் ஒன்று:
அப்படி எழுதுகிறவர் அதற்கு முன்னால்
ஒரு தடவையாவது கொடுத்துப் பார்த்திருப்பார்.

தெய்க் ஹின் ஒரு வாரம் என்று கேட்டார்.
ரோஹாயா இரண்டு.
திரும்பி வந்தபோது
மூச்சுக்கும் முதல் சொல்லுக்கும் இடையில்
டிக்.
பாயான் லெப்பாஸில் எனக்குக் குறை பார்க்கும் வேலை.
லென்சுக்குக் கீழே ஒரு நாளைக்கு ஆயிரம் சில்லு,
மயிரிழைக் கீறல் என்றாலும் சிவப்புக் கூடைதான்.
யார் என்று நான் கேட்கவில்லை.
தெய்க் ஹின் அந்த வாரம்
காரணம் சொல்லாமல் ஒரு பை ஜாதிக்காய் ஊறுகாய் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

வருடக் கடைசியில் ஒலிவேரோ
எங்கிருந்தோ இன்னொரு பிரதி வரவழைத்தார்.
கன்னி கழியாத தட்டு. சம்பளத்தில் பாதி.
ஆர்கன். கைதட்டல். அவள்.
மூச்சு. நாற்காலி.
நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில்
எதற்கோ தலையைச் சாய்த்தோம்.
அது வரவில்லை.

ரோஹாயா, கண்ணைத் திறக்காமலே,
நாக்கைத் தட்டினாள்:
டிக்.